இடது கால் மட்டும்

போன வாரம் இன்பராஜ் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனதை நீங்கள் மறந்திருக்கலாம். அவரவர் வீட்டுப் பாடு அவரவருக்கு. அமிர்தவள்ளி மட்டும் மறக்கவில்லை.

"உனக்கு வீட்ல பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேணும்மா. அதுக்குத்தான் அவ படிக்கட்டும் படிக்கட்டும்ன்ற."

பெற்ற பிள்ளை வாசலில் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்ன வார்த்தை. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. அங்கே வீடும் பார்த்துவிட்டான். அவன் பெண்டாட்டி நிஷா ஆம்பூரில் படிக்கிற காலணி வடிவமைப்பு டிப்ளமோவில் முதல் செமஸ்டர் இந்தச் சனிக்கிழமை விழாவோடு முடிகிறது. இரண்டாவது செமஸ்டர் வேண்டாம், படித்தவரைக்கும் போதும், விழாவுக்கு நேராக அங்கே வந்து அப்படியே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நிஷா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் அடுக்கி வைத்தாள்.

மகன் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் அமிர்தவள்ளி அன்றைக்கே காறித் துப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். அதில் கொஞ்சம் நிஜமும் இருந்தது, அதுதான் குத்தியது. கணவர் துரைசாமி போய்ச் சேர்ந்த பிறகு, ஷூ கம்பெனித் தையல் லைனில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் டிவியும் அவளும்தான் என்று இருந்தது. நிஷா வந்த பிறகுதான் அந்த வீட்டில் சண்டை போட ஆள் கிடைத்தது.

ஆனால் அது மட்டுமா? தோலைக் கையில் எடுத்தால் அந்தப் பெண்ணின் முகம் எப்படி மாறுகிறது என்று இன்பராஜுக்குத் தெரியாது. ஒரு தரம் வந்து கண்ணால் பார்த்தால் தெரியும். இன்றைக்கு விழாவில் பார்க்கத்தான் போகிறான். பார்த்த பிறகும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால், போகட்டும். ஆனால் பார்க்காமல் போகக்கூடாது. இதுதான் அமிர்தவள்ளியின் கணக்கு.

அதற்காகவே கம்பெனியில் லீவு சொல்லி, பட்டு மாதிரி இருக்கிற ஆனால் பட்டு இல்லாத அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, மருமகளோடு பேரணாம்பட்டில் பஸ் ஏறினாள்.

"அத்தே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. டப்பா நசுங்குது."

"நான் இன்னா அவ்ளோ குண்டா? உள்ள இன்னா வெச்சிருக்க, காட்டேன்."

"அங்க வந்து பாருங்க."

டப்பாவைத் திறக்கவே இல்லை. பெண்கள் போடுகிற ஷூ, போட்டிக்கு வைக்கிற சாம்பிள் என்பது மட்டும் அமிர்தவள்ளிக்குத் தெரியும். ஏனென்றால் அதைச் செய்ய ஆரம்பித்தபோது நிஷா அவளிடம்தான் வந்து யோசனை கேட்டாள்.

"அத்தே, சாம்பிளுக்கு ரெண்டு காலும் பண்ணணுமா?"

அமிர்தவள்ளி அப்போது அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்த ஊர்ல சாம்பிளுக்கு ஜோடி பண்ணாங்க? ஒத்த கால் போதும். இடது காலப் பண்ணு. எங்க கம்பெனிலர்ந்து ஜெர்மனிக்காரனுக்கே ஒத்த காலுதான் போவுது."

அது உண்மைதான். ஆம்பூர் வட்டாரத்தில் எந்தக் கம்பெனியைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். வெளிநாட்டுக்காரன் டிசைன் பார்க்க ஒரு கால் போதும். இன்னொன்று செய்தால் தோலும் தண்டம், நேரமும் தண்டம். ஒற்றைக் காலாக இருந்தால் எவனும் திருடிக்கொண்டும் போகமாட்டான் பாருங்கள்.

பைபாஸ் ஓரத்தில் கல்லூரி வாசலிலேயே வாழைமரம் கட்டியிருந்தார்கள். 'செமஸ்டர் நிறைவு விழா' என்று பெரிய பேனர். போன வருடம் படித்து முடித்த எல்லோருக்கும் வேலை கிடைத்ததையும், சென்னையில் நடந்த கண்காட்சியில் கல்லூரி இரண்டாம் பரிசு வாங்கியதையும், ஒரு பெண் போர்ச்சுகல் கம்பெனிக்கே போய்விட்டதையும் போட்டோவோடு போட்டிருந்தார்கள். குடியாத்தம், வாணியம்பாடி என்று எங்கெங்கிருந்தோ அப்பா அம்மாக்கள் வந்திருந்தார்கள். தங்கள் பிள்ளை போட்டோவில் இருக்கிறதா என்று பேனரைத் தடவாத குறையாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் பிரியாணி தம்மில் இருந்தது. அந்த வாசனை வந்தால் ஆம்பூர்க்காரர்களுக்குப் பாதி விழா முடிந்த மாதிரி.

ஹாலுக்குள் வரிசையாக மேசைகள், வெள்ளைத் துணி, ஒவ்வொன்றின் மேலும் மாணவர்கள் செய்த ஷூ.

அமிர்தவள்ளி முதல் மேசையைப் பார்த்தாள். ஒரு ஜோடி. அடுத்த மேசையைப் பார்த்தாள். ஒரு ஜோடி. எட்டி நின்று அந்த வரிசை, இந்த வரிசை எல்லாம் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் ஜோடி ஜோடியாகத்தான் இருந்தது.

நிஷா தன் மேசைக்கு முன்னால் நின்று டப்பாவைத் திறந்தாள். காபித்தூள் நிறத்தில், முன்பக்கம் அகலமாக, அடிப்பாகம் பஞ்சு மாதிரி மெத்தென்று, அழகான ஒரே ஒரு இடது கால் ஷூ.

"இன்னொண்ணு எங்க நிஷா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் அஃப்ரோஸ் மேடம். நிஷாவுக்குப் பாடம் எடுக்கிறவர். விழாவை நடத்துகிறவரும் அவர்தான்.

"இது ஒண்ணுதான் மேடம் பண்ணேன். சாம்பிளாச்சேன்னு."

"ஒண்ணா? மதியம் மேடையில போட்டு நடக்கணுமேம்மா. யாருக்காகப் பண்ணீங்களோ அவங்களே போட்டு நடக்கணும்னு சொன்னேனே."

"அன்னைக்கு நான் கிளாஸ் முடியறதுக்குள்ள பஸ்ஸுக்கு ஓடிட்டேன் மேடம். எனக்குத் தெரியாது."

"சரி, யாருக்குப் பண்ணது இது?"

நிஷா பக்கத்தில் திரும்பினாள். "எங்க அத்தைக்கு."

அமிர்தவள்ளி திரும்பி அந்த ஒற்றை ஷூவைப் பார்த்தாள். இருபது வருடத்துக்கு மேல் ஷூ தைத்தவள் அவள். அவளுக்கென்று ஒருத்தி ஷூ செய்திருக்கிறாள். அமிர்தவள்ளியே யோசனை சொல்லி அந்த ஷூவை நொண்டியாக்கி வைத்திருக்கிறாள். அழுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றாள்.

"நான்தான் மேடம் ஒத்த கால் போதும்னு சொன்னேன். தப்பு என்னுது. இவள ஒண்ணும் சொல்லாதீங்க."

"விடுங்கத்தே," என்றாள் நிஷா. "எப்படியும் இன்னையோட முடியப்போவுது. மேசைமேல இருந்துட்டுப் போவட்டும்."

அந்த 'முடியப்போவுது' அமிர்தவள்ளியின் நெஞ்சில் போய் விழுந்தது. அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாளே இந்தப் பெண். மதியம் இன்பராஜ் வருவான், மேசைமேல் ஒற்றைக் காலைப் பார்ப்பான், இதுக்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பான், வீட்டுக்கு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். கதை முடிந்தது.

"வலது காலுக்கு லாஸ்ட் இருக்குதா?" என்று கேட்டாள். லாஸ்ட் என்றால் ஷூவை மாட்டி இழுத்துச் செய்கிற கால் அச்சு.

"இருக்குத்தே. ரெண்டு காலுக்கும் உங்க அளவுக்குத் தயார் பண்ணித்தான் வெச்சேன். நீங்கதான் ஒண்ணு போதும்னு..."

"சொன்னேன், சொன்னேன். சும்மா சும்மா சொல்லிக் காட்டாத. தோலு?"

"மிச்சம் கொஞ்சம் இருக்கு."

"மேடம், அந்த ஒர்க் ஷாப்பக் கொஞ்சம் தொறந்து விடுங்க. நான் தெச்சித் தர்றேன். தெக்கலாமா, போட்டியாச்சே?"

அஃப்ரோஸ் மேடம் யோசித்தார். "மார்க் டிசைனுக்குத்தான். ஷூன்னா பல கை படத்தான் செய்யும். ஆனா யார் யார் கை வெச்சாங்கன்னு மேடையில ஒளிக்காம சொல்லணும். பிரியாணி சாப்ட்டு எல்லாரும் ஹாலுக்குத் திரும்பறதுக்குள்ள முடிச்சா மேடை. முடியலன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

அப்புறம் ஒர்க் ஷாப்பில் நடந்ததைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. நிஷா தோலை விரித்து, வலது காலுக்கு அளவு அட்டையைத் திருப்பி வைத்து வெட்ட ஆரம்பித்தாள். அமிர்தவள்ளி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். கம்பெனி மெஷின் வேறு, இது வேறு. காலை வைத்ததும் கோடு ஒருபக்கம், தையல் ஒருபக்கம் என்று ஓடியது.

நிஷா எடுத்துப் பார்த்தாள். "அத்தே, இது சரியில்ல. பிரிங்க."

"பிரிக்கவா? எங்க சூப்பர்வைசரே இது வரைக்கும் என்னைப் பிரிக்கச் சொன்னதில்லடி."

"இடது காலுக்குப் பக்கத்துல வெச்சா அசிங்கமாத் தெரியும். பிரிங்கத்தே."

அமிர்தவள்ளி முணுமுணுத்துக்கொண்டே பிரித்தாள். வாய்தான் முணுமுணுத்தது. உள்ளுக்குள் அவளுக்கு ஒரே பூரிப்பு. வீட்டில் அப்பளத்துக்கு உப்பு போதுமா என்று தன்னைக் கேட்டுக்கொண்டு நிற்கிற பெண், இங்கே தன்னையே அதட்டுகிறாள். இரண்டாம் தரம் தைத்தது தேவலை என்று நிஷா தலையாட்டியபோது, சம்பளம் கூட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது அமிர்தவள்ளிக்கு.

தைத்த மேல்பாகத்தை லாஸ்ட்டில் மாட்டிக் குறடால் இழுத்து இறுக்க வேண்டும். அதற்கு லாஸ்டிங் என்று பெயர். அங்கேதான் வண்டி நின்றது. இடது காலுக்கு அதை நிஷா நாள் கணக்கில் இழுத்திருந்தாள். இப்போது அவசரத்தில் இழுத்தால் முன்பக்கம் சுருக்கம் சுருக்கமாக விழுந்தது. ஒரு பக்கம் சரி செய்தால் மறுபக்கம் கோணியது. ஹால் பக்கம் தட்டு சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பந்தி போட்டுவிட்டார்கள்.

அமிர்தவள்ளியின் போன் அடித்தது.

"எங்கம்மா இருக்கீங்க? ஹாலெல்லாம் தேடிட்டேன். மேசைமேல ஒத்த ஷூ ஒண்ணு கெடக்குது, இவ பேர் போட்டு."

"பின்னாடி ஒர்க் ஷாப்புக்கு வா."

இன்பராஜ் வந்தான். இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டை, தோளில் பை. கதவருகே நின்று இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தான்.

"விழான்னு சொன்னீங்க, ஓவர்டைம் பாக்கறீங்க. இன்னா இதெல்லாம்?"

நடந்ததை அமிர்தவள்ளி சொன்னாள். தன் தப்பையும் சேர்த்தே சொன்னாள். நிஷா நிமிரவில்லை, இழுத்துக்கொண்டிருந்தாள். உதவி செய்யுங்கள் என்று அவனைக் கேட்கவும் இல்லை.

ஒரகடம் போவதற்கு முன்னால் இன்பராஜுக்கு லாஸ்டிங் டிபார்ட்மெண்டில்தான் வேலை. ஆம்பூரில் அஞ்சு வருடம் இதையே இழுத்தவன். வேடிக்கை பார்க்க வேண்டும் என்றுதான் நின்றான். கை கேட்கவில்லை.

"முதல்ல முனைய இழு. அப்புறம் பக்கத்துக்கு வா."

"தெரியும்ங்க."

"தெரிஞ்சா ஏன் சுருக்கம் விழுது?"

நிஷா குறடை அவன் பக்கம் நீட்டினாள். "பேசற நேரத்துக்கு நீங்களே இழுங்களேன்."

அவன் தோள்பையை இறக்கி வைத்தான். சட்டைக் கையை மடித்துவிட்டு லாஸ்ட்டை வாங்கித் தொடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டான். விரலால் ஒரு சுற்றுத் தடவியவன் ஓரிடத்தில் நிறுத்தினான்.

"இங்க இன்னா ஒட்டு போட்டிருக்க? லாஸ்ட் டேமேஜா?"

"இல்லங்க. அத்தைக்கு வலது கால்ல பெருவிரல்கிட்ட எலும்பு தள்ளிட்டு இருக்குல்ல, அதுக்கு எடம். இடது கால்ல கம்மி, வலதுலதான் ஜாஸ்தி."

இன்பராஜ் அம்மாவின் காலைப் பார்த்தான். அமிர்தவள்ளி காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எப்பலர்ந்தும்மா இது?"

"அது கெடக்குது ரொம்ப நாளா. நின்னு நின்னு வந்தது. லைன்ல பாதிப் பேருக்கு இருக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

"இவ கேட்டாளா?"

"இவளும் கேக்கல. எப்படித்தான் தெரிஞ்சுகிட்டாளோ."

"நீங்க தூங்கறப்ப டேப்பு வெச்சி அளந்தேன் அத்தே," என்றாள் நிஷா. "முதல் தடவ ஒதச்சிட்டீங்க. மறுநாள் மறுபடி அளந்தேன்."

அமிர்தவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. இன்பராஜ் லாஸ்ட்டைத் திருப்பிப் பிடித்தான். குனிந்து இழுக்க ஆரம்பித்தான். அந்த ஒட்டு இருந்த இடத்தில் மட்டும் இறுக்கிவிடாமல் பார்த்துப் பார்த்து இழுத்தான். அவன் இழுத்துப் பிடிக்க நிஷா ஒட்டுகிற சொல்யூஷன் தடவ, நிஷா பிடிக்க அவன் தட்ட, இடையிடையே "சூடு காட்டுங்க", "இரு இரு" என்று இரண்டு பேரும் ஒரே வேலையில் மூழ்கிவிட்டார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து இவர்கள் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி அமிர்தவள்ளி பார்த்ததில்லை.

அடியில் சோல் வைத்து அழுத்தி எடுத்தபோது பந்தி முடிந்துவிட்டது. மூன்று பேரும் பிரியாணி சாப்பிடவில்லை. வெளிர்நீலச் சட்டையில் சொல்யூஷன் கறை, வயிற்றுக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு.

மேடையில் நிஷா மைக்கைப் பிடித்தாள். பக்கத்தில் ஜோடி ஷூ போட்டு அமிர்தவள்ளி நின்றாள்.

"நாள் பூரா நின்னு வேலை செய்யற பொம்பளைங்களுக்காகப் பண்ணது இது. டிசைனும் வெட்டினதும் நான். இடது கால் முழுக்க நான் பண்ணது. வலது கால் இன்னைக்குக் காலைல ஆரம்பிச்சது. தெச்சது எங்க அத்தை. லாஸ்டிங் பண்ணது எங்க வீட்டுக்காரர். சாம்பிளுக்கு ஒத்த கால் போதும்னு சொன்னதும் எங்க அத்தைதான்."

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. கம்பெனியில் வேலை செய்கிற அம்மாக்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அவர்களைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அமிர்தவள்ளி நடந்தாள். முதலில் கூச்சம். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. மேடைக்குக் கீழே இன்பராஜ் கையால் சைகை காட்டினான், மெதுவா, சோல் இன்னும் முழுசாகக் காயவில்லை என்று. பாதி மேடை வந்ததும் அவளுக்கு ஒன்று உறைத்தது. வலிக்கவில்லை. கால் கீழே வைத்தால் சுருக்கென்கிற அந்த இடம் சும்மா இருந்தது. கடைசி வரை போனவள், திரும்பி இன்னொரு சுற்றும் நடந்தாள். யாரும் நடக்கச் சொல்லவில்லை.

தலைமை விருந்தினர் நிசார் அஹமது, மேல்விஷாரத்துக்காரர், கல்லூரியை நடத்துகிற டிரஸ்டின் தலைவர். அவரே எழுந்து வந்து கேட்டார். "எப்படிம்மா இருக்கு?"

"எத்தனையோ தெச்சி அனுப்பி இருக்கேன் சார். போட்டுப் பாத்தது இன்னைக்குத்தான். நல்லா இருக்கு சார். கழட்ட மனசு வரல."

நிஷாவுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய இஃப்ராவே ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கைதட்டல் அடங்கியதும் நிசார் அஹமது, எல்லோரையும் கேட்ட கேள்வியை நிஷாவிடமும் கேட்டார்.

"அடுத்த செமஸ்டர்ல என்னம்மா பண்ணப் போற?"

நிஷா கையில் இருந்த கோப்பையைப் பார்த்தாள். பேரணாம்பட்டில் பெட்டி அடுக்கி இருக்கிறது, என்னத்தைச் சொல்வாள்?  அமிர்தவள்ளி மகனைப் பார்த்தாள். அவன் தன் சட்டைக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு தலையை நிமிர்த்தினான். "ஆம்பளைங்க ஷூ பண்ணுவா சார்," என்றான் கீழே இருந்தபடியே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ஜோடியா. அளவு குடுக்க வாராவாரம் நானே வந்துட்டுப் போறேன்."

நிஷா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அமிர்தவள்ளிக்கு அந்தப் புது ஷூவோடு அங்கேயே ஆட்டம் போடலாம் போல இருந்தது. ஜெயித்துவிட்டாள். மருமகள் படிப்பாள், சாயந்தரம் வீட்டுக்கு வருவாள், கல்லூரிக் கதையெல்லாம் சொல்வாள். டிவியில் சேனலை யார் மாற்றுவது என்று இருவரும் சண்டை போடுவார்கள்.

"பரிசு வாங்கின புள்ளைங்களுக்கு அடுத்த செமஸ்டர் ஹாஸ்டல்ல இடம் குடுக்கறோம்," என்று நிசார் அஹமது அறிவித்தார். "செலவு டிரஸ்டோடது. ராத்திரி வரைக்கும் ஒர்க் ஷாப்புல வேலை செய்யலாம். யாருக்கு வேணும்?"

முதலில் உயர்ந்த கை நிஷாவுடையது.

அமிர்தவள்ளி அந்தக் கையையே பார்த்தாள்.

"அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஓடறதுலயே பாதி வேலை போய்டுது சார்," என்று நிஷா சொல்லிக்கொண்டிருந்தாள். "ரெண்டு காலும் பண்ணணுங்கறதுகூட அதனாலதான் தெரியாமப் போச்சு."

"வீட்ல சரின்னுவாங்களா?" நிசார் அஹமது மைக்கை அமிர்தவள்ளியிடம் நீட்டினார்.

உனக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேணும்மா. மகன் சொன்னது காதில் அப்படியே கேட்டது. ஆமாண்டா, வேணும்தான். இப்போது கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள். இருட்டின வீட்டைத் திறந்து தானே விளக்கைப் போட வேண்டும், தானே தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அந்த வீடு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.  ஆனால் தையலைப் பிரிக்கச் சொன்ன அந்தக் குரலும் நினைவுக்கு வந்தது.

"சரிதான் சார்," என்றாள்.  "இங்கயே இருக்கட்டும். நல்லா பண்ணட்டும். ஞாயித்துக்கிழமை மட்டும் வீட்டுக்கு அனுப்பி வெச்சிடுங்க. அது போதும் எனக்கு."

"ம்மா," கீழே இருந்து இன்பராஜ் கூப்பிட்டான். "ஞாயித்துக்கிழமை எனக்கும்மா."

"உனக்கு எதுக்குடா? நீதான் வாராவாரம் வர்றேன்னியே, வீட்டுக்கு வா."

"அங்க வாடகைக்கு வீடு எடுத்து வெச்சிருக்கேன், அத யார் பாக்கறது?"

ஹாலில் ஒரு பாதி அம்மா பக்கம், ஒரு பாதி பிள்ளை பக்கம். பின் வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். நிசார் அஹமது சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வாரத்துல இருக்கறது ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. எதுக்குப் பேஜார், பொண்ணையே கேட்டுடலாம்," என்று மைக்கை நிஷாவிடம் கொடுத்தார்.

நிஷா அத்தையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். கையில் இருந்த பரிசுக் கோப்பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, நிசார் அஹமது பக்கம் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமையும் ஒர்க் ஷாப் தொறந்திருக்குமா சார்?"